டெலீட் செய்த கோப்பு தொட்டியில் ஏன் இல்லை? மீட்கக்கூடிய நீக்கம் நிரலுக்குள் எப்படி வேலை செய்கிறது

கோப்புறையைத் திறந்து ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையை அழுத்தினால் அது குப்பைத்தொட்டிக்குப் போகிறது. அதே கோப்பைப் படங்களை அடுக்கிவைக்கும் ஏதோ ஒரு மென்பொருளிலிருந்தோ, சொந்தமாக எழுதிய பத்து வரி ஸ்கிரிப்டிலிருந்தோ நீக்கினால், தொட்டியைத் திறந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருப்பதில்லை. கணினி அதேதான், கோப்பும் அதேதான். போன இடம் மட்டும் வேறு.

பலர் இதைக் கணினிக் கோளாறு என்று நினைக்கிறார்கள். கணினி சொன்னதைத்தான் செய்திருக்கிறது. இயங்குதளத்தின் அடித்தளத்தில் இருக்கும் அழிப்புக் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதைத் தேடிப்போய் கோப்பை அங்கே சேர்க்க வேண்டியது நிரலை எழுதுபவரின் வேலை. அவர் மறந்துவிட்டால், அல்லது பாதி வழியில் தவறவிட்டால், பயனருக்குத் தெரியாமலே கோப்பு போய்விடும்.

குழப்பம் வராமல் இருக்க இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். தொட்டிக்கு அனுப்புவதை நீக்கம் என்றும், திரும்பி வராதபடி விட்டுவிடுவதை அழிப்பு என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். திரையில் இரண்டுக்குமே 'டெலீட்' என்றுதான் எழுதியிருக்கும். பாதித் தொல்லை அதிலிருந்துதான் வருகிறது.

## அழிப்பு என்றால் உள்ளே என்ன நடக்கிறது

எந்தக் கோப்புக்கும் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, உள்ளடக்கம். மற்றொன்று, அந்த உள்ளடக்கம் வட்டில் எங்கே கிடக்கிறது, அதன் பெயர் என்ன என்று சொல்லும் பதிவு. அழிப்பு பெரும்பாலும் இந்தப் பதிவைத்தான் தொடுகிறது.

1. ஃபேட் முறை. டாஸ் காலத்திலிருந்து வருவது, பல மெமரி கார்டுகளிலும் பென்டிரைவ்களிலும் இன்றும் இருப்பது. இதில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதல் பைட் 229 என்ற எண்ணாக மாற்றப்படும். 'இந்த வரி காலி' என்று அதற்குப் பொருள். கோப்பு பிடித்திருந்த இடமும் காலி என்று குறிக்கப்படும். பெயரின் மீதி எழுத்துகளும் உள்ளடக்கமும் அப்படியே கிடக்கும். 1991 இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0 இன் 'அன்டெலீட்' கட்டளை, பெயரின் முதல் எழுத்து என்ன என்று பயனரிடமே கேட்டது இதனால்தான். பெயரில் தொலைந்தது அந்த ஓர் எழுத்து. (ஜப்பானிய எழுத்து முறையில் சில எழுத்துகளின் முதல் பைட்டே 229. அப்படித் தொடங்கும் பெயர்களுக்கு 229க்குப் பதிலாக 5 என்று எழுதிவைத்துச் சமாளித்தார்கள்.)

2. யூனிக்ஸ் குடும்பம். லினக்ஸிலும் மேக்கிலும் அழிப்புக் கட்டளையின் பெயரே 'அன்லிங்க்', முடிச்சை அவிழ்ப்பது. ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்று ஒரு கணக்கு இருக்கும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் கணக்கில் ஒன்று குறையும். கணக்கு பூஜ்யமாகி, எந்த நிரலும் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கவில்லை என்றால்தான் இடம் விடுபடும். பெரிய லாக் கோப்பு (நிரல் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் கோப்பு) ஒன்றை அழித்த பிறகும் வட்டில் காலியிடம் கூடாமல் இருக்கிறதே என்று விழிப்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: அதில் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் இன்னும் கையை எடுக்கவில்லை.

3. விண்டோஸின் என்டிஎஃப்எஸ். கோப்புகளின் தலைமைப் பட்டியலில் அந்தக் கோப்பின் வரி 'பயன்பாட்டில் இல்லை' என்று குறிக்கப்படும். வேறு கோப்புக்கு அந்த வரி தேவைப்படும் வரை பழைய விவரம் அங்கேயே இருக்கும்.

அப்படியானால் அழித்ததையும் மீட்டுவிடலாமே என்று தோன்றும். சில சமயம் முடியும், அதை நம்பி நிரல் எழுத முடியாது. லினக்ஸின் இஎக்ஸ்டி3 கோப்புமுறை, அழிக்கும்போது உள்ளடக்கம் எங்கே இருக்கிறது என்ற சுட்டிகளையும் சேர்த்தே துடைத்துவிடும். எஸ்எஸ்டி வட்டுகளில் 'ட்ரிம்' என்ற கட்டளை உண்டு. இந்தப் பகுதி இனி தேவையில்லை என்று இயங்குதளம் வட்டுக்குச் சொல்லிவிடும். அதன் பிறகு அங்கே படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும். மீட்பு மென்பொருள்கள் விற்பது அதிர்ஷ்டத்தை.

குப்பைத்தொட்டியின் கதை வேறு. அங்கே எதுவும் அழிவதே இல்லை. கோப்பு இடம் மாறுகிறது. எங்கிருந்து வந்தது என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதப்படுகிறது. அவ்வளவுதான் மொத்த ஏற்பாடு.

## தொட்டி யாருடைய பொறுப்பு

1984 இல் வந்த மெக்கின்டாஷின் திரையிலேயே ஒரு குப்பைக்கூடை இருந்தது. ஆரம்பத்தில் அது நிலையானது அல்ல. கணினியை நிறுத்தினால் உள்ளே இருப்பதும் போய்விடும். நாமாகக் காலி செய்யும் வரை அப்படியே இருக்கும் தொட்டி 1991 இன் சிஸ்டம் 7 உடன்தான் வந்தது. விண்டோஸில் ரீசைக்கிள் பின் வந்தது விண்டோஸ் 95 இல்.

கவனிக்க வேண்டியது, இவை எல்லாம் திரையை நிர்வகிக்கும் அடுக்கில் பிறந்தவை என்பது. மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் எக்ஸ்ப்ளோரரும் அதைச் சுற்றியுள்ள ஷெல் அடுக்கும், லினக்ஸில் ஒவ்வொரு டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளர். அதற்கும் கீழே, வட்டோடு பேசும், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் அடுக்கில் தொட்டி கிடையாது. லினக்ஸ் டெர்மினலில் 'ஆர்எம்' கட்டளை கொடுத்தாலும், பைத்தானில் 'ஓஎஸ்' தொகுப்பின் 'ரிமூவ்' அழைத்தாலும், விண்டோஸின் 'டெலீட்ஃபைல்' அழைத்தாலும் கோரிக்கை நேரே கெர்னலுக்குப் போகும். வழியில் தொட்டி எதிர்ப்படாது.

ஆக, நிரலர் மேல் அடுக்கின் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் அந்தக் கதவு வேறு: விண்டோஸில் பழைய 'எஸ்எச்ஃபைல்ஆப்பரேஷன்', விஸ்டாவிலிருந்து 'ஐஃபைல்ஆப்பரேஷன்', மேக்கில் ஃபைல் மேனேஜரின் 'ட்ராஷ் ஐட்டம்', லினக்ஸில் 'ஜிஐஓ' நூலகம். எல்லாத் தளத்துக்கும் சேர்த்து எழுதுபவர்களுக்கு க்யூட்டி என்ற நிரல் நூலகத்தில் 5.15 பதிப்பிலிருந்து 'மூவ் டு ட்ராஷ்' இருக்கிறது, ஜாவா 9 இலும் அதே பெயரில் ஒன்று வந்தது, பைத்தானுக்கு 'சென்ட்டுட்ராஷ்' என்ற தனித் தொகுப்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் மீடியாஸ்டோர் (போனில் உள்ள படம், வீடியோக்களின் பட்டியலை வைத்திருக்கும் பகுதி) வழியாகப் படங்களையும் வீடியோக்களையும் தொட்டிக்கு அனுப்பலாம். 30 நாளில் அவை தானாக அழிந்துவிடும்.

## தொட்டிக்குள் ஒரு கோப்பைப் பின்தொடர்ந்தால்

லினக்ஸின் முறை வெளிப்படையானது என்பதால் அதைக் கிட்டத்தில் பார்ப்பது எளிது. ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு வெளியிட்ட தொட்டி விவரக்குறிப்பை க்னோம், கேடிஇ என்ற இரண்டு லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுமே பின்பற்றுகின்றன. பயனரின் முகப்புக் கோப்புறையில், மறைவான ஓர் இடத்தில் 'ட்ராஷ்' என்ற கோப்புறை. அதற்குள் இரண்டு அறைகள்: 'ஃபைல்ஸ்', 'இன்ஃபோ'.

'அறிக்கை' என்ற பெயரில் ஒரு கோப்பை நீக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் 'இன்ஃபோ' அறையில் துண்டுச்சீட்டு எழுதப்படும். கோப்பின் பெயரோடு 'ட்ராஷ்இன்ஃபோ' என்ற பின்னொட்டு சேர்ந்த சிறிய உரைக்கோப்பு அது. உள்ளே மூன்றே வரி: தலைப்பு, கோப்பு இருந்த முழு முகவரி, நீக்கிய நேரம்.
2. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு சீட்டு இருந்தால் எழுதுவது தோற்க வேண்டும். வேறு பெயர் தேர்ந்தெடுத்து மறுபடி முயல வேண்டும். 'இருந்தால் தோற்றுப்போ' என்று கெர்னலிடமே சொல்லும் கொடி (அழைப்போடு சேர்த்து அனுப்பும் விருப்பக் குறி) ஒன்று உண்டு. முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் எழுதுவது சரிப்படாது. பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் இன்னொரு நிரல் புகுந்துவிடும்.
3. சீட்டு கைக்கு வந்த பிறகுதான் கோப்பு 'ஃபைல்ஸ்' அறைக்கு நகர்த்தப்படும்.

ஏன் சீட்டு முதலில்? நடுவில் மின்சாரம் போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்தால் புரியும். சீட்டு மட்டும் மிஞ்சினால் நஷ்டம் இல்லை. கோப்பு பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது, வெற்றுச் சீட்டைப் பிறகு தூக்கிப் போடலாம். வரிசையை மாற்றிச் செய்திருந்தால், தொட்டியில் ஊர் பேர் தெரியாத ஒரு கோப்பு கிடக்கும். எங்கே திருப்பி வைப்பது என்று யாருக்கும் தெரியாது. சொந்தமாகத் தொட்டி எழுதுபவர்கள் முதலில் சறுக்குவது இந்த வரிசையில்தான்.

இப்போது அந்த முகவரி வரி. விவரக்குறிப்புப்படி, ஆங்கில எழுத்து அல்லாதவற்றை விழுக்காட்டுக் குறி போட்டு, ஒவ்வொரு பைட்டையும் மூன்று எழுத்துகளாக விரித்து எழுத வேண்டும். 'அறிக்கை' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறியீடுகள்: அ, ற, இகர விசிறி, க, புள்ளி, மறுபடி க, ஐகார இணைக்கொம்பு. யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 21. விரித்து எழுதினால் 63 எழுத்துகள். சீட்டுக்குள் இருப்பதால் இதில் பாதகம் ஒன்றும் இல்லை.

பாதகம் சீட்டின் பெயரில் இருக்கிறது. லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 இல் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் அது 85 குறியீடு. சீட்டின் பெயரோ, கோப்பின் பெயரோடு புள்ளியும் பின்னொட்டும் சேர்ந்து 10 பைட் அதிகம். எனவே 82 முதல் 85 குறியீடு வரை நீளமுள்ள ஒரு தமிழ்ப் பெயர் வட்டில் ஒழுங்காக இருக்கும், திறக்கும், திருத்தலாம். தொட்டிக்கு அனுப்பும்போது மட்டும் 'பெயர் நீளம்' என்று தோற்கும். நீளமான செய்தித் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராகச் சேமிப்பவர்களுக்கு இது தொலைவான ஆபத்து அல்ல. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த நிரலில் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. தீர்வு சுலபம்: தொட்டிக்குள் கோப்புக்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம், உண்மைப் பெயர்தான் சீட்டுக்குள் இருக்கிறதே. நீளமான பெயரை வெட்டிச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம், நடு எழுத்தில் வெட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விண்டோஸ் இதே யோசனையை வேறு உருவில் செய்கிறது. எக்ஸ்பி வரை ஒரு தொட்டியில் இருந்த எல்லாக் கோப்புகளுக்கும் சேர்த்து ஒரே பதிவேடு இருந்தது. விஸ்டாவிலிருந்து ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஜோடி: டாலர்-ஆர் என்று தொடங்குவது உண்மையான உள்ளடக்கம், டாலர்-ஐ என்று தொடங்குவது அதன் சீட்டு. பின்னால் வரும் ஆறு எழுத்துகள் சகட்டுமேனிக்குத் தேர்ந்தவை, இரண்டுக்கும் பொது. சீட்டில் பதிப்பெண், கோப்பின் அளவு, நீக்கிய நேரம் மூன்றும் தலா 8 பைட்; அதன் பின் பழைய முகவரி. பெயரே மாறிவிடுவதால் இங்கே நீளப் பிரச்சினை எழாது.

நேரத்தைக் குறிப்பதில் இரண்டும் வேறுபடுகின்றன. விண்டோஸ் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. லினக்ஸ் சீட்டில் இருப்பது உள்ளூர் நேரம், எந்த நேர மண்டலம் என்ற குறிப்பே இல்லாமல். மடிக்கணினியோடு கண்டம் தாண்டியவரின் தொட்டியில், சற்றுமுன் நீக்கிய கோப்பு நாளை நீக்கியதாகத் தெரிய வாய்ப்புண்டு. 30 நாளுக்கு மேற்பட்டதை அழி என்று விதி எழுதுபவர், எதிர்காலத் தேதியைப் பார்த்துக் குழம்பாமல் எழுத வேண்டும்.

## வட்டு மாறினால் கதை மாறும்

ஒரே வட்டுப் பகுதிக்குள் கோப்பை நகர்த்துவது வெறும் பெயர் மாற்றம். 40 ஜிபி வீடியோவானாலும் கண் இமைக்கும் நேரம்தான். வேறு பகுதிக்கு நகர்த்துவது என்றால் கெர்னல் மறுத்துவிடும்; முழுக்கப் படியெடுத்து, பிறகு மூலத்தை அழிக்க வேண்டும். பென்டிரைவில் இருக்கும் 40 ஜிபியை முகப்புத் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பல நிமிடம் ஆகும், முகப்பில் இடமும் வேண்டும். நடுவில் பென்டிரைவைப் பிடுங்கினால் அரைகுறைப் படி ஒன்று மிஞ்சும்.

அதனால்தான் ஒவ்வொரு வட்டுக்கும் தனித்தனித் தொட்டி. விண்டோஸில் ஒவ்வொரு நிலைவட்டின் வேரிலும் (மேல்மட்டக் கோப்புறையிலும்) மறைந்த ரீசைக்கிள் பின் கோப்புறை இருக்கிறது, அதற்குள் பயனர் ஒவ்வொருவருக்கும் தனி அறை. திரையில் தெரியும் ஒற்றைத் தொட்டி இவை எல்லாவற்றின் தொகுப்புக் காட்சி. மேக்கில் வெளி வட்டுகளுக்கு 'ட்ராஷஸ்', அதற்குள் பயனர் எண். லினக்ஸில் வட்டின் வேரில் பொதுத் தொட்டி இருந்தால் அதில், இல்லாவிட்டால் பயனர் எண்ணைப் பெயரிலேயே கொண்ட தனித் தொட்டியில். பொதுத் தொட்டியைப் பயன்படுத்தும் முன் இரண்டு சோதனை கட்டாயம்: அது வேறு எங்கோ சுட்டும் இணைப்பாக இருக்கக் கூடாது, பிறர் பொருளை ஒருவர் அழிக்க முடியாதபடி தடுக்கும் 'ஸ்டிக்கி' குறி இருக்க வேண்டும். இல்லையென்றால் விஷமி ஒருவர் தொட்டியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிவைத்து, எல்லாரும் நீக்குவதை உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

வெளி வட்டின் சீட்டில் முகவரி, வட்டின் வேரிலிருந்து அளந்தே எழுதப்படுகிறது. இன்று ஒரு பெயரில் இணைந்த வட்டு நாளை வேறு கணினியில் வேறு பெயரில் இணையும். முழு முகவரி எழுதியிருந்தால் மீட்கும்போது இல்லாத இடத்தைத் தேடும்.

தொட்டியே இல்லாத இடங்களும் உண்டு. விண்டோஸில் சாதாரண பென்டிரைவுக்கும் நெட்வொர்க் வட்டுக்கும் ரீசைக்கிள் பின் கிடையாது. படிக்க மட்டும் அனுமதியுள்ள இடம், நிரம்பிவழியும் வட்டு, தொட்டியின் அளவு வரம்பைவிடப் பெரிய கோப்பு, இவையும் அந்தக் கணக்கில் சேரும்.

இங்கேதான் நல்ல நிரலும் மோசமான நிரலும் பிரிகின்றன. தொட்டிக்கு அனுப்ப முடியவில்லை என்றதும், சரி அழித்துவிடுவோம் என்று சத்தமில்லாமல் அழிப்பது மோசமான நிரல். பயனர் கேட்டது நீக்கம். கிடைத்தது அழிப்பு. நாளைக்குத் தொட்டியைத் திறக்கும்போதுதான் அவருக்கு விஷயம் தெரியும். தொட்டியே இல்லாத நிரல்கூட இதைவிட நேர்மையானது. அதில் குறைந்தபட்சம் பயனர் எச்சரிக்கையாக இருப்பார். ஃப்ரீடெஸ்க்டாப் விவரக்குறிப்பும் இந்த இடத்தில் கறாராகப் பேசுகிறது: தொட்டிக்கு அனுப்ப மறுத்தால் பயனருக்குத் தெரிவித்தாக வேண்டும், அவர் சம்மதமின்றி அழிக்கக் கூடாது.

## நிரல் எழுதுபவர் விழும் குழிகள்

1. அரை முகவரி. விண்டோஸின் பழைய 'எஸ்எச்ஃபைல்ஆப்பரேஷன்' அழைப்பில் 'மீட்க வசதி வை' என்று ஒரு கொடி உண்டு. கோப்பின் முகவரியை முழுமையாகக் கொடுக்காமல் வெறும் பெயரைக் கொடுத்தால் அந்தக் கொடி புறக்கணிக்கப்படும். பிழைச் செய்தி வராது, அழைப்பு வெற்றி என்றே திரும்பும், கோப்பு அழிந்திருக்கும். இது மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே எழுதியிருக்கும் நடத்தை. எழுதியிருந்தும் எத்தனையோ நிரல்கள் இதில் மாட்டியிருக்கும். அதே அழைப்பு முகவரிப் பட்டியலின் கடைசியில் இரண்டு பூஜ்ய எழுத்துகளை எதிர்பார்க்கிறது. ஒன்றோடு நிறுத்தினால் நினைவகத்தில் அடுத்திருக்கும் குப்பையையும் கோப்புப் பெயராகப் படிக்கப் பார்க்கும்.

2. முழு முகவரி ஆக்குகிறேன் என்று கிளம்பி இணைப்பைத் தொலைப்பது. முதல் குழிக்குப் பயந்து, முகவரியை 'ரியல்பாத்' போன்ற ஒன்றின் வழியாக அனுப்புவார்கள். அது குறுக்குவழி இணைப்புகளையும் அவிழ்த்து மூலக் கோப்பின் முகவரியைத் தந்துவிடும். பயனர் நீக்கச் சொன்னது இணைப்பை. தொட்டிக்குப் போவது மூலக் கோப்பு. முழு முகவரி ஆக்கும்போது கடைசிப் பகுதியை அவிழ்க்காமல் விட வேண்டும்.

3. 'எதையும் கேட்காதே' கொடி. பயனரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் இதைப் போடுவார்கள். கோப்பு தொட்டிக்குப் பெரியது, நிரந்தரமாக அழிக்கவா என்று விண்டோஸ் கேட்கவிருந்த கேள்விக்கும் 'ஆம்' என்று இந்தக் கொடியே பதில் சொல்லிவிடும். இதைத் தடுக்கவே, அழியப்போகிறது என்றால் மட்டும் எச்சரி என்ற தனிக் கொடி இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே போட வேண்டும்.

4. திரும்பி வந்த விடையைப் பார்க்காமல் விடுவது. ஜாவாவின் அழைப்பு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். அதைப் பார்க்காமல் பட்டியலிலிருந்து கோப்பைத் தூக்கிவிட்டால் திரை ஒன்று சொல்லும், வட்டு ஒன்று சொல்லும்.

5. நூறு கோப்புகளில் மூன்று தோற்றால்? மொத்தமும் தோற்றது என்பதும் மொத்தமும் முடிந்தது என்பதும் இரண்டுமே பொய். எந்த மூன்று என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டும்.

6. சொந்தத் தொட்டி. சில நிரல்கள் தங்களுக்கென்று ஒரு 'நீக்கியவை' கோப்புறை வைத்துக்கொள்கின்றன. சர்வரில் ஓடும் நிரலுக்கு வேறு வழி இல்லை, அங்கே டெஸ்க்டாப்பே கிடையாது. ஆனால் மேசைக் கணினியில் இதைச் செய்தால், வட்டில் இடம் போதாமல் தொட்டியைக் காலி செய்யும் பயனருக்கு அந்த ரகசியக் கோப்புறை இருப்பதே தெரியாது.

## திரும்ப எடுப்பது, மற்றப் பாதி

நீக்கத்தைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு மீட்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நிரலுக்குள்ளேயே 'செய்ததை மாற்று' வசதி தர வேண்டுமானால், கோப்பு தொட்டிக்குள் எந்தப் பெயரில் போனது என்று தெரிந்திருக்க வேண்டும். மேக்கின் அழைப்பும் க்யூட்டியின் அழைப்பும் இந்தப் புதிய முகவரியைத் திருப்பித் தருகின்றன. பலர் அதை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அப்புறம் தொட்டிக்குள் அதே பெயரில் மூன்று கோப்பு இருக்கும்போது எது நம்முடையது என்று தேதியைப் பார்த்து ஊகிக்கிறார்கள்.

திருப்பி வைக்கும் இடத்தில் இரண்டு சிக்கல் வரும். பழைய கோப்புறையே இப்போது இல்லாமல் போயிருக்கலாம். மறுபடி உருவாக்கினால் போதும். மோசமானது இரண்டாவது: அதே இடத்தில் அதே பெயரில் புதிய கோப்பு வந்து உட்கார்ந்திருப்பது. யூனிக்ஸின் பெயர் மாற்றக் கட்டளை, அங்கே ஏற்கெனவே கோப்பு இருந்தால் எதுவும் கேட்காமல் அதை மிதித்துக்கொண்டு உட்காரும். பழைய கோப்பை மீட்கப் போய்ப் புதியதை அழித்த கதையாகிவிடும், அந்தப் புதியது எந்தத் தொட்டியிலும் இருக்காது. லினக்ஸ் 3.15 இலிருந்து 'இருந்தால் மிதிக்காதே' என்று சொல்லும் பெயர் மாற்றம் வந்துவிட்டது. அது இல்லாத இடங்களில், முதலில் புதிய முடிச்சைப் போட்டுவிட்டு (பெயர் ஏற்கெனவே இருந்தால் இது தோற்கும்), பிறகு பழைய முடிச்சை அவிழ்க்கலாம். கோப்புறைகளுக்கு இந்தத் தந்திரம் பலிக்காது.

பெயர் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதிலும் ஒரு நெளிவு உண்டு. 'கொ' என்பதில் க-வுக்குப் பின் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைட்டுகள் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை பெயர்களை எப்போதும் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெயரை இன்னொரு இடத்தில் தட்டச்சு செய்த பெயரோடு ஒப்பிட்டால் 'வேறு' என்று விடை வரும். ஒப்பிடும் வேலையை நிரல் செய்யாமல் கோப்புமுறையிடமே விட்டுவிடுவது நல்லது.

## 'நிச்சயமாகவா?' என்ற கேள்வி

நீக்கம் மீட்கக்கூடியது என்றால் உறுதிப்படுத்தும் பெட்டி எதற்கு? ஒவ்வொரு நீக்கத்துக்கும் கேட்டால் கை பழகிவிடும். படிக்காமலே 'ஆம்' அழுத்தும். உண்மையில் அழியப்போகும் நூற்றியோராவது முறையும் அதே கை அதையே அழுத்தும். என் கருத்தில், தொட்டிக்குப் போவதைக் கேட்காமல் செய்துவிட்டு ஓரத்தில் சில நொடி 'மாற்று' பொத்தானைக் காட்டுவதே சரி. கேள்வியை அழிப்புக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். அப்போதும் 'நிச்சயமாகவா?' என்று பொதுவாகக் கேட்காமல், 'இந்த வட்டில் தொட்டி இல்லை. அழித்தால் திரும்ப எடுக்க முடியாது' என்று காரணத்தோடு எழுத வேண்டும். பொத்தானிலும் 'சரி' என்று போடாமல் 'நிரந்தரமாக அழி' என்றே போடலாம்.

## தொட்டிக்கு அனுப்பக் கூடாதவை

எல்லாவற்றையும் தொட்டிக்கு அனுப்புவதும் தவறுதான். நிரல் தானே உருவாக்கிய தற்காலிகக் கோப்புகள், சிறுபடங்கள், கேஷ் (வேகத்துக்காகச் சேமித்துவைக்கும் பிரதிகள்) ஆகியவற்றைப் பயனர் பார்த்ததே இல்லை. தொட்டியில் அவற்றைக் கண்டால் மிரளுவார். விண்டோஸின் தொட்டிக்கு ஒவ்வொரு வட்டிலும் அளவு வரம்பு உண்டு. நிரம்பினால் பழையது முதலில் வெளியேறும். ஒரு நிரல் தன் பல்லாயிரம் சிறுபடங்களை அங்கே கொட்டினால், பயனர் போன மாதம் நீக்கிவைத்த முக்கியமான ஆவணம் சத்தமில்லாமல் வெளியே தள்ளப்படும். விண்டோஸிலும் மேக்கிலும் க்னோமிலும் குறித்த நாட்களுக்குப் பிறகு தொட்டியைத் தானாகக் காலி செய்யும் அமைப்பும் இருக்கிறது. தொட்டியை இரண்டாவது அலமாரியாக நினைத்துப் பொருள் சேர்ப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

ரகசியம் கொண்ட கோப்பு இன்னொரு வகை. கடவுச்சொல் பட்டியல், சாவிக் கோப்பு, மறைகுறியாக்கத்தைப் பிரித்து எடுத்த தற்காலிகப் பிரதி ஆகியவற்றை மீட்கும்படி வைப்பது பயனருக்குச் செய்யும் உதவி ஆகாது.

வெளி வட்டில் இது இன்னும் கூர்மையாகும். லினக்ஸ் கணினியில் பென்டிரைவிலிருந்து ஒரு கோப்பை நீக்கினால், அது பென்டிரைவிலேயே, பயனர் எண்ணைப் பெயரில் கொண்ட மறைந்த தொட்டியில் உட்காரும். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் முதல் பயனரின் எண் 1000. அந்த பென்டிரைவை வாங்கிக்கொண்டு போய்த் தன் லினக்ஸ் கணினியில் செருகுபவரும் அங்கே 1000ஆம் எண் பயனராகவே இருப்பார். அவருடைய கோப்பு மேலாளர் அந்தத் தொட்டியை அவருடைய தொட்டியாகவே எடுத்துக்கொள்ளும். நீக்கப்பட்ட கோப்புகள், பழைய முகவரி, நீக்கிய நேரம் எல்லாவற்றோடும் அவருடைய குப்பைப் பட்டியலில் வரிசையாகத் தெரியும், மீட்டெடுக்கும் பொத்தானோடு.